மிரட்டல் கடிதத்தைக் கர்த்தருக்கு முன் விரித்த ராஜா! எசேக்கியா செய்த ஜெபம்

உலகத்தையே நடுங்க வைத்த படை ஊர் வாசலில் நிற்கிறது. சுற்றியிருந்த கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தாச்சு. ராஜாவின் கையில் ஒரு மிரட்டல் கடிதம். அதற்கு அவர் பதில் எழுதவில்லை. நேரே ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்து வைத்தார்.

வருடம் கி.மு. 701. ஊர் எருசலேம், ராஜா எசேக்கியா, எதிரி அசீரியாவின் சனகெரிப். கப்பம் கட்ட மறுத்ததால் வந்த சண்டை. பின்னணி இவ்வளவு போதும்.

பணம் கொடுத்தும் பார்த்தார் எசேக்கியா. அன்றைய எடைக் கணக்கில் 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். ஆலயக் கதவில் இருந்த பொன் தகட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்தார். அப்படியும் படை வந்தது. ரப்சாக்கே என்ற தளபதி மதிலுக்கு வெளியே நின்று, சாதாரண ஜனங்களுக்கும் புரிய வேண்டும் என்றே யூத பாஷையில் கத்தினான்: "2,000 குதிரை தருகிறேன், ஏறி உட்கார உங்களிடம் ஆள் இருக்கிறதா?" மதில்மேல் இருந்தவர்கள் வாயே திறக்கவில்லை. ராஜாவின் கட்டளை அப்படி.

அப்புறம்தான் அந்தக் கடிதம். அசீரியச் சிற்பங்களில் எழுத்தர்கள் இரண்டு இரண்டு பேராக நிற்பார்கள். ஒருவர் கையில் எழுத்துப் பலகை, இன்னொருவர் கையில் சுருள். எசேக்கியாவுக்கு வந்தது சுருளாகத்தான் இருந்திருக்க வேண்டும், விரிக்க முடிந்ததே!

அவர் ஜெபத்தை 2 இராஜாக்கள் 19-ல் வாசித்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அசீரிய ராஜாக்கள் தேசங்களை அழித்தது உண்மைதான் என்று கர்த்தரிடமே ஒத்துக்கொள்கிறார். எதிரியைச் சின்னதாக்கிக் காட்டவில்லை, பயமே இல்லை என்று நடிக்கவும் இல்லை. விசுவாசம் என்றால் பிரச்சினையே இல்லை என்று சொல்வது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஜெபத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. வக்கீல் நோட்டீஸோ, ஸ்கேன் ரிப்போர்ட்டோ, உங்களிடம் என்ன இருக்கிறதோ, இன்று ராத்திரி அதை எடுத்து வைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபியுங்கள்.

[திரையில்: களிமண் பட்டகம், பிரிட்டிஷ் மியூசியம், லண்டன்]

இதைப் பாருங்கள். ஒன்றேகால் அடி உயரம், ஆறு பக்கம், சுற்றிலும் பொடிப்பொடியாக ஆப்பெழுத்து. 1830-ல், சனகெரிப்பின் தலைநகரான நினிவேயில் கிடைத்தது. சனகெரிப் தன் வெற்றிகளைத் தானே சொல்லும் ஆவணம். 46 மதிலுள்ள பட்டணங்களைப் பிடித்தானாம். எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையைப் போல அடைத்தானாம். சரி, அப்புறம்? எருசலேமைப் பிடித்ததாக ஒரு வார்த்தை இல்லை! கப்பம் வந்தது என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான்.

அவன் அரண்மனைச் சுவரைப் பாருங்கள். அங்கே செதுக்கி வைத்திருப்பது யூதாவின் இன்னொரு கோட்டை நகரமான லாகீஸின் முற்றுகையை. மேலே இருந்து யூத வீரர்கள் தீப்பந்தம் எறிகிறார்கள். மதிலை இடிக்கும் இயந்திரத்தில் தீப்பிடிக்காமல் இருக்க, ஒரு அசீரியன் நீண்ட கரண்டியால் தண்ணீர் ஊற்றுகிறான். அந்தக் கரண்டிவரை செதுக்கியவர்கள், தலைநகர் எருசலேமை வென்றிருந்தால் விட்டிருப்பார்களா? எதிரியின் சொந்தச் சுவரே சாட்சியாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எசேக்கியா ஜெபித்த பிறகு, அந்த இரவில் கர்த்தருடைய தூதன் அசீரியப் படையில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்கிறது வேதம். கி.மு. 681-ல் சனகெரிப்பைக் கொன்றது அவன் பெற்ற பிள்ளைகளே.

ஒன்றை விட்டுவிடக்கூடாது. கீகோன் ஊற்றுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவர, பாறையைக் குடைந்து 533 மீட்டர் சுரங்கம் வெட்டியவரும் இதே எசேக்கியாதான். ஜெபித்தவர் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை.

உங்கள் ஜெபக் குறிப்பைக் கமெண்ட்டில் எழுதுங்கள், பெயர் போட வேண்டியதில்லை. அடுத்த வீடியோவில், இதே ராஜா மரணப் படுக்கையில் சுவர்ப்பக்கமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்த ஜெபத்தைப் பார்ப்போம்.