மங்கிய ஹெட்லைட்: பல்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வாங்குகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், டயர் பார்ப்பார்கள், ஏ.சி. போட்டுப் பார்ப்பார்கள். ஹெட்லைட்டை யாரும் பார்ப்பதில்லை. பகலில்தானே வண்டி பார்க்கப் போகிறோம்! வாங்கிய பிறகு ஒருநாள் இரவில் புறவழிச்சாலையில் ஏறும்போதுதான் தெரிகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் ரோடு தெரியவில்லை.

மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா என்று இரண்டு மூன்று கை மாறி வந்த சின்ன கார்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். இவற்றில் பெரும்பாலும் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு. ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். நல்ல நிலையில் இருந்தால் இந்த வெளிச்சம் நம் சாலைக்குப் போதும். புது வண்டியாக இருந்தபோது போதுமாக இருந்ததுதானே?

வெளிச்சம் குறைந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, கடைக்குப் போய் 100/90 வாட் பல்பு வாங்கி மாட்டுவது. நான் வேண்டாம் என்பேன். பழைய வயரிங்கில் ஏற்கெனவே வோல்டேஜ் வழியிலேயே வீணாகிக்கொண்டிருக்கிறது. அதில் இன்னும் அதிக கரண்டை இழுத்தால் ஹோல்டர் உருகும், ஸ்விட்ச் கருகும். எதிரே வருகிறவர் கண் கூசும். உங்களுக்கு ரோடு கொஞ்சம்தான் கூடுதலாகத் தெரியும்.

ஹாலஜன் பல்பின் குணம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சமும் பத்து சதவீதம்தான் குறையும் என்று நினைப்போம். அப்படி இல்லை, கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்துவிடும். பேட்டரியில் 14 வோல்ட் இருந்து, பல்புக்கு 11.5 போய்ச் சேர்ந்தால், வெளிச்சம் ஏறக்குறைய பாதி. அந்த இரண்டரை வோல்ட் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரி டெர்மினலில் வைத்துப் பாருங்கள். பதிமூன்றரையிலிருந்து பதினாலரைக்குள் இருக்க வேண்டும். பதிமூன்றுக்குக் கீழே இருந்தால் சார்ஜிங் சரியில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்நேட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். நம் ஊரில் ஆல்டர்நேட்டரை இன்னமும் டைனமோ என்பார்கள், அதேதான். மீட்டர் இல்லையென்றால் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஆக்ஸிலேட்டரை லேசாக மிதியுங்கள். வெளிச்சம் நன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் சார்ஜிங் பக்கம் பாருங்கள். சின்ன மாற்றம் இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய வண்டிகளில் அது சகஜம்.

பேட்டரியில் சரியாக இருக்கிறதா? அடுத்து பல்புக்கு வாருங்கள். இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். சிலர் பல்பைக் கழற்றிவிட்டு, வெறும் கப்ளரில், அதாவது பல்பில் செருகும் வயர் முனையில், மீட்டரை வைத்து, பன்னிரண்டு வோல்ட் காட்டுகிறது, வயரிங் ஓகே என்று சொல்லிவிடுவார்கள். கரண்ட் ஓடாதபோது, ஒரே ஒரு செப்பு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட பன்னிரண்டு வோல்ட் காட்டும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அதன் யோக்கியதை வெளிப்படும். இரண்டு பல்பும் சேர்ந்து ஒன்பது, பத்து ஆம்பியர் இழுக்கின்றன. அந்த வழியில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும். அதனால் கப்ளரை மாட்டியபடியே, பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி அளக்க வேண்டும்.

பேட்டரிக்கும் பல்புக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால், எந்தப் பக்கம் என்று பார்க்கலாம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வையுங்கள், இன்னொன்றை பல்பின் எர்த் காலில், அதாவது கரண்ட் வண்டியின் தகடு வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் காலில், வையுங்கள். 0.1, 0.2 வந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் திருடன் எர்த்தில் இருக்கிறான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சில வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், பல்பின் பொதுக் கால் பிளஸாக இருக்கும். எது எது என்று தெரிந்துகொண்டு அளக்க வேண்டும்.

பழைய கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தைத்தான். ஹெட்லைட்டுக்குக் கீழே, முன்பக்கத் தகட்டில் ஒரு போல்ட்டில் அந்த வயர் மாட்டியிருக்கும். மழைத் தண்ணீர், சேறு எல்லாம் அங்கேதான் அடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு, செகண்ட் ஹேண்ட் வண்டிகளுக்கே உரியது. எப்போதோ முன்பக்கம் இடித்து, டிங்கரிங், பெயிண்டிங் செய்திருப்பார்கள். அந்த எர்த் போல்ட்டைப் புதுப் பெயிண்டுக்கு மேலேயே வைத்து முறுக்கியிருப்பார்கள். பெயிண்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? விற்றவர் இடித்ததைச் சொல்லியிருக்க மாட்டார், ஹெட்லைட் சொல்லிவிடும்.

எர்த் கெட்டுப்போனால் வேடிக்கையான அறிகுறிகளும் வரும். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கும். ஒரு பக்கம் டிம் போட்டால் பிரைட் இழையும் லேசாகச் சிவக்கும். கரண்ட் திரும்பிப் போக நேர்வழி இல்லாததால் வேறு பல்புகள் வழியாகச் சுற்றிப் போகிறது. ஒரே ஒரு ஹெட்லைட் மட்டும் மங்கல் என்றால், அந்தப் பக்கத்து எர்த்தையும் ஹோல்டரையும் பார்த்தாலே பெரும்பாலும் முடிந்துவிடும்.

சரி செய்வது சுலபம். போல்ட்டைக் கழற்றி, தகடு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனையையும் சுத்தம் செய்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

எர்த் நன்றாக இருந்து பிளஸ் பக்கம் குறைகிறது என்றால், முதலில் பல்பு ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் பீங்கான் ஹோல்டர் போடுங்கள். பல பழைய வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே போய் வரும். அங்கே தேய்மானம் இருக்கும். அதற்கு ரிலே, அதாவது சின்ன கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச், போடுவது நல்ல வழி. பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராக பல்புக்குக் கரண்ட், ஸ்விட்ச் ரிலேயை இயக்க மட்டும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகக் கடைத்தெருக்களில் தயார் செட்டாகவே கிடைக்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபியூஸ் இல்லாத செட்டை இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டாதீர்கள்.

இவ்வளவும் ஆன பிறகு புது பல்பு வாங்குங்கள், அதே 60/55 வாட், இரண்டையும் சேர்த்து. கண்ணாடிப் பகுதியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்டால் சூட்டில் கெட்டுப்போகும். பல்பின் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். கோணலாக வைத்து ஸ்பிரிங்கை மாட்டிவிட்டால் வெளிச்சம் மரத்தின் உச்சியில் அடிக்கும், உங்களுக்கு மங்கலாகத் தெரியும். எல்.இ.டி. பல்பு போடலாமா என்றும் கேட்கிறார்கள். ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் அந்த ரெஃப்ளெக்டரைச் செய்திருக்கிறார்கள். அதில் எல்.இ.டி. போட்டால் சுவரில் பார்க்க ஜோராக இருக்கும், சாலையில் வெளிச்சம் சிதறும்.

ஹெட்லைட்டின் மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் கண்ணாடியை 800, 1000, 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் கிளியர் கோட் அடித்தால் தெளியும். பற்பசை வைத்தியம் சில வாரம்தான் தாங்கும். உள்ளே ரெஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு போய்விட்டால் துடைத்துப் பயனில்லை, ஹெட்லைட் செட்டையே மாற்றத்தான் வேண்டும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கினால் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க முந்தைய உரிமையாளர் ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்காகத்தான் டிம் இழைக்குக் கீழே எச்4 பல்பிலேயே ஒரு மறைப்பு இருக்கிறது.

கடைசியாக, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, ஹெட்லைட் நடுப்பகுதியின் உயரத்தைவிட சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். இடப்பக்கம் கொஞ்சம் ஏறியிருப்பது சரிதான், நாம் இடது பக்கம் போகிறவர்கள். அளக்கும்போது டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். டிக்கியில் மூட்டை ஏற்றி அளந்தால் கணக்கு தப்பும்.

நன்றி, வணக்கம்.