45 நாள் கணக்கு: எந்த டாஸ்க் ஆப் சரிப்படும்?

(திரையில்: பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வீடு. மாதக் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றிப் பேனா வட்டம்.)

வணக்கமுங்க. இது எங்கள் பெரியப்பா வீட்டுக் காலண்டர். வட்டம் போட்டிருப்பது அடுத்த தேங்காய் வெட்டு. அவர் தோப்பில் 45 நாளுக்கு ஒரு வெட்டு.

போன வருஷம் இதை நான், செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கும் ஒரு டாஸ்க் ஆப்பில் ஏற்றினேன். இரண்டாவது வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் பத்து நாள் தள்ளிப்போனது. ஆப்புக்கு அது தெரியுமா? அடுத்த வெட்டைப் பழைய கணக்கிலேயே காட்டியது. பெரியப்பா சிரித்தார்: "ஏங் கண்ணு, வெட்டி 35 நாள்தான் ஆச்சு. உம்பட கம்ப்யூட்டர் சொன்னா காய் முத்திருமா?"

தப்பு என்னுடையது. திரும்பத் திரும்ப வரும் வேலையில் இரண்டு ரகம் உண்டு. மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுபவருக்கு 3பி என்கிற வரிக்கணக்கு தாக்கல் 20ஆம் தேதி. போன மாதம் தாமதமானாலும் இந்த மாதமும் 20தான். இதற்கு கூகுள் டாஸ்க்ஸ் தாராளமாகப் போதும். ஜிமெயிலுக்குப் பக்கத்திலேயே திறக்கும். வெட்டு அப்படியல்ல, முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

(திரையில்: டோடோயிஸ்ட். ஆங்கிலத்தில் தட்டச்சு ஆகிறது.)

அதற்கு டோடோயிஸ்ட் ஆப், இங்கே பாருங்கள். 'எவ்ரி 45 டேஸ்' என்று அடித்தால் குறித்த தேதியிலிருந்து கணக்கு. 'எவ்ரி' பக்கத்தில் இடைவெளி விடாமல் ஓர் ஆச்சரியக்குறி போட்டால், டிக் அடித்த நாளிலிருந்து. ஒரே ஒரு குறிதான்!

(திரையில்: ட்ரெல்லோ.)

திருப்பூரில் துணி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவர்களுக்கு இந்த ட்ரெல்லோ ஆப் பிடிக்கும். ஆர்டருக்கு ஒரு கார்டு; கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று இழுத்து நகர்த்தலாம். டொயோட்டா ஆலையில் பிறந்த கான்பான் முறைதான் இது. வீட்டு மளிகைக்கு இவ்வளவு தேவையில்லை.

மைக்ரோசாஃப்ட் டூ டூ ஆப்பில் 'மை டே' என்கிற அன்றைய பட்டியல் தினமும் நள்ளிரவில் காலியாகிவிடும். பயப்படாதீர்கள், முடிக்காத வேலை அதனதன் பட்டியலில் இருக்கும். காலையில் காபியோடு அன்றைய வேலையைப் பொறுக்குபவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

அப்புறம், எதில் எழுதினாலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வுண்டர்லிஸ்ட் என்ற டாஸ்க் ஆப்பை 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே மாதம் மூடியது.

சொல்ல விட்டுப்போச்சு. டோடோயிஸ்டில் வெட்டு முடிந்த அன்றைக்கே டிக் அடிக்க வேண்டும். மறந்து நாலு நாள் கழித்து அடித்தால் கணக்கும் நாலு நாள் தள்ளிப்போகும். அதனால் கடைசி மரம் முடிந்ததும் பெரியப்பா எனக்கு போன் போட்டுவிடுவார்.