அடைக்கலம் தேடி வந்த பெண்ணுக்கு ஊர் என்ன செய்யலாம்?

வணக்கம். பிறந்தநாள், கல்யாண நாள், வீட்டுப் பெரியவர்களின் நினைவு நாள் வந்தால் ஏதாவது ஒரு இல்லத்துக்குப் போய் ஒரு வேளை சாப்பாடு போடுவது சேலத்தில் பல குடும்பங்களுக்கு வழக்கம். நல்ல வழக்கம். கணவரின் அடிக்குப் பயந்து வெளியேறிய பெண்கள் தங்கும் காப்பகத்துக்கும் இதே போல் உதவ வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. அரிசி மூட்டை கொடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஊர் செய்யக்கூடிய பெரிய உதவிகள் காப்பகத்து வாசலுக்கு வெளியேதான் இருக்கின்றன.

[திரையில்: காப்பகம் எப்படி இயங்குகிறது?]

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி உதை மட்டும்தான் வன்முறை என்று அந்தச் சட்டம் பார்க்கவில்லை. தினமும் கேவலமாகத் திட்டுவது, பாலியல் கொடுமை, செலவுக்குப் பணம் தராமல் வைப்பது, அவள் சம்பாத்தியத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். அம்மாப்பேட்டையில் ஒரு தறி வீட்டில் நாள் முழுக்க நூல் சுற்றுகிற பெண், மாத்திரை வாங்கக்கூடக் கணவரிடம் கையேந்தி நிற்கிறாள் என்றால், அவளும் இந்தச் சட்டத்தை நாடலாம்.

தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான, திருமணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. நம் தெருவை ஒருமுறை மனசுக்குள் நடந்து பாருங்கள், கணக்கு புரியும்.

181-க்குப் போன் செய்தால் பெண்கள் உதவி மையம் எடுக்கும். அங்கிருந்து ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி காட்டுவார்கள். மருத்துவ உதவி, போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கே ஏற்பாடு உண்டு. ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் தங்க வேண்டியவர்களுக்குத்தான் காப்பகம். புகார் கொடுத்துவிட்டு வா என்று காப்பகம் திருப்பி அனுப்பக் கூடாது. அவள் அங்கே இருப்பதைக் கணவருக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டால், சொல்லவும் கூடாது. இரண்டுமே சட்டத்தின் விதிகளில் எழுதியிருப்பவை.

[காட்சி: ஒரு மேஜை. அதன் மேல் ஒரு கட்டைப்பை.]

ராத்திரியில் கிளம்பி வரும் பெண்ணின் பையில் என்ன இருக்கும்? குழந்தையின் இரண்டு கவுன், ஒரு துண்டு, கையில் அகப்பட்ட ஒரு புடவை. சில சமயம் காலில் செருப்புகூட இருக்காது. ரேஷன் கார்டும் பேங்க் பாஸ்புக்கும் பீரோவில் இருக்கும், பீரோ சாவி கணவரிடம் இருக்கும். அதனால் பொருளாகத்தான் கொடுப்பேன் என்பவர்கள் பழைய புடவைகளை மூட்டை கட்டாதீர்கள். பிரிக்காத பாக்கெட்டில் உள்ளாடைகள், நைட்டி, நாப்கின், எல்லா அளவிலும் செருப்பு, ஒரு சாதாரண போன், அதற்கு மூன்று மாத ரீசார்ஜ், இவை கொடுங்கள். உள்ளாடையை நன்கொடையாகக் கொடுக்கப் பலருக்குக் கூச்சம். அவளுக்கு முதல் நாள் காலையில் வேண்டியது அதுதான்.

அப்புறம், போட்டோ. கேக் வெட்டி, சாப்பாடு பரிமாறி, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து எடுத்த படம் மாலைக்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போய்விடும். சேலம் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. பின்னால் தெரியும் கேட், எதிர்வீட்டு வேப்பமரம், கடைப் பலகையில் பாதி எழுத்து, இதில் ஏதாவது ஒன்று போதும், தேடிக்கொண்டிருப்பவர் வந்துவிடுவார். முகத்தை மறைத்துப் போட்டாலும் இடம் தெரிந்துவிடும். ஆகவே படமே வேண்டாம். காப்பகம் எந்தத் தெருவில் என்று தெரிந்த ஆட்டோக்காரர், பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் இருப்பதும் பெரிய உதவிதான். “நான் அவளுக்குச் சித்தப்பா முறை, பார்த்துட்டுப் போயிடுறேன்” என்று யார் வந்து கேட்டாலும் எனக்குத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

[திரையில்: வெளியே வரும் நாள்]

காப்பகத்தில் காலம் முழுக்க இருக்க முடியாது. கோர்ட்டில் மனு போட்டு, ஜீவனாம்சமோ பாதுகாப்பு உத்தரவோ வாங்கி, நகையையும் சீர் சாமான்களையும் திருப்பிக் கேட்டு, ஒரு நாள் அவள் வெளியே வந்தாக வேண்டும். வழக்குக்கு வக்கீல் செலவு பற்றிப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். சிக்கல் வீடு தேடும்போதுதான் ஆரம்பிக்கிறது.

“யார் யாரும்மா இருப்பீங்க?”
“நானும் ரெண்டு பசங்களும்க்கா.”
“வீட்டுக்காரர்?”
“...”
“இல்லம்மா, நாங்க ஃபேமிலிக்குத்தான் விடறது.”

தாயும் இரண்டு பிள்ளைகளும் குடும்பம் இல்லாமல் வேறு என்ன? எனக்கு இதில் ஆத்திரமே வருகிறது. அடியை விட்டுத் தப்பி, போலீஸ் ஸ்டேஷன் ஏறி, கோர்ட் வாசலில் நின்று வந்தவள், இந்த ஒரு கேள்வியில் தோற்று அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். உங்களிடம் ஒரு மாடி போர்ஷன் காலியாக இருந்தால், அட்வான்ஸைக் கொஞ்சம் குறைத்து அவளுக்கு விடுங்கள். ஆயிரம் வேளைச் சாப்பாட்டை விட அது பெரிது.

வேலையும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், ஜவ்வரிசி ஆலை, தையல் யூனிட், மெஸ் நடத்துபவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கோர்ட்டு வாய்தாவுக்குச் சம்பளம் பிடிக்காமல் மாதம் ஒரு நாள் லீவு கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். சம்பளத்தை அவள் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். கணவர் வந்து கேட்டால் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு ஒன்று. 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. வரவில்லை என்று எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. பழைய பள்ளிக்குப் போன் போட்டு விசாரித்தால், அந்தப் பக்கம் செய்தி கசிந்து அப்பா காதுக்குப் போகும். அம்மாவைக் கேட்காமல் அந்தப் போனைப் போடாதீர்கள். காப்பகங்களில் ஓரளவு வளர்ந்த ஆண் பிள்ளைகளைத் தங்க விடுவதில்லை. பெரியவனை எங்கே விடுவது என்ற ஒரே காரணத்துக்காக அடியைத் தாங்கிக்கொண்டு இருக்கும் அம்மாக்கள் உண்டு. அந்தப் பையனுக்கு ஒரு நல்ல ஹாஸ்டலில் இடம் வாங்கிக் கொடுங்கள், தாய் தைரியமாக வெளியே வருவாள்.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, மாலை நேரம்]

மலை மேலே நிலைமை இன்னும் கஷ்டம். எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியிருக்கும் லைன் வீடு வேலையோடு சேர்ந்து வருவது. கணவரை விட்டு வந்தால் அவளுக்குக் கூலியும் போகும், கூரையும் போகும். கடைசி பஸ் போய்விட்டால் விடியும் வரை கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்க வழி இல்லை. அந்த ஒரு ராத்திரிதான் ஆபத்தான ராத்திரி. மலைக்கிராமங்களில் இருக்கும் மகளிர் குழுக்கள், எந்த வீட்டில் கதவு தட்டலாம், யாரிடம் ஜீப் இருக்கிறது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். எஸ்டேட் நிர்வாகம் நினைத்தால் அவள் பெயரிலேயே வேறொரு லைன் வீட்டை ஒதுக்கிக் கொடுக்கலாம்.

பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால், நமக்கெதற்கு வம்பு, நாளைக்கு நம் மேலேயே கேஸ் வந்தால் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்று அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது. அப்புறம், பிள்ளைங்க முகத்துக்காகப் போய்ச் சேர்ந்துடும்மா என்று சமாதானம் பேசக் கிளம்பாதீர்கள். போவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

வாடகைக்கு வீடு, வேலை, ஹாஸ்டல் செலவு, வண்டி, இதில் எது உங்களால் முடியும் என்றாலும் சேலம் கலெக்டர் ஆபீசில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் சொல்லுங்கள். காப்பகத்தின் விலாசத்தைக் கேட்க வேண்டாம். உங்கள் பெயர், போன் நம்பர், என்ன தர முடியும், எந்தத் தேதியிலிருந்து, இவ்வளவும் எழுதிக் கொடுத்தால் போதும்.