ஒரு டாலர் ஒப்பந்தம், நான்கு கச்சேரிகள்: பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்

[திரையில்: நியூயார்க், 1965]

மற்ற பாடகர்களுக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், எட் சால்பின் என்ற தயாரிப்பாளர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். மூன்று வருட ஒப்பந்தம். முன்பணம் ஒரே ஒரு டாலர், விற்பனையில் ஒரு சதவீதம். அந்த இளைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

அடுத்த வருடமே லண்டன் போனார். 'எக்ஸ்பீரியன்ஸ்' குழுவோடு உலகப் புகழ் பெற்றார். பழைய தாள் மட்டும் உயிரோடு இருந்தது. சால்பின் வழக்குப் போட, 1968ல் சமரசம் ஆனது: கேப்பிட்டல் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு ஆல்பம் கொடுத்தாக வேண்டும்.

1969 ஜூனில் எக்ஸ்பீரியன்ஸ் கலைந்துபோனது. சரி, அந்த ஆல்பத்தை யாரை வைத்துச் செய்வது?

[திரையில்: ஃபோர்ட் கேம்ப்பெல் ராணுவ முகாம்]

முதல் ஆள், பேஸ் கிட்டார் வாசிக்கும் பில்லி காக்ஸ். 1961ல் இருவரும் ஒரே முகாமில் சிப்பாய்கள். உள்ளே யாரோ கிட்டார் வாசிப்பது வெளியே நின்ற காக்ஸின் காதில் விழுந்தது. நேராக உள்ளே போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த நட்பு விட்டுப்போகவே இல்லை. இன்னொருவர் ஒமாஹாக்காரரான டிரம்மர் பட்டி மைல்ஸ். 'எலக்ட்ரிக் ஃப்ளாக்' குழுவில் பெயர் வாங்கியவர், பாடவும் செய்வார்.

எக்ஸ்பீரியன்ஸில் மற்ற இருவரும் வெள்ளைக்கார ஆங்கிலேயர்கள். 'பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்' என்ற இந்தப் புதிய குழுவில் மூவருமே கறுப்பர்கள். அன்றைய அமெரிக்காவில் இதுவே ஒரு செய்தி. ஆனால் பெரிய மாற்றம் தாளத்தில்தான். எக்ஸ்பீரியன்ஸின் மிட்ச் மிட்செல் ஜாஸ் பாணியில் டிரம்ஸை உருட்டிக்கொண்டே போவார். மைல்ஸ் அப்படியில்லை, நேரான, கனமான அடி. காக்ஸ் அதன்மேல் ஒரே பேஸ் வரியைத் திரும்பத் திரும்பப் பிடித்து நிற்பார். தரை அசையாததால் ஹெண்ட்ரிக்ஸ் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம்.

[திரையில்: ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கு]

1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1. இரண்டு இரவுகள், இரவுக்கு இரண்டு கச்சேரிகள். அங்கே பதிவானதில் 'மெஷின் கன்' ஒன்று போதும். பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும். அமெரிக்காவுக்குள்ளேயே சிகாகோ, மில்வாக்கி, நியூயார்க் நகரங்களில் போராடும் சிப்பாய்களுக்கு என்று ஹெண்ட்ரிக்ஸ் முதலில் சமர்ப்பித்துவிட்டு, அட ஆமாம், வியட்நாமில் இருப்பவர்களுக்கும் என்று சேர்த்துக்கொள்வார். பாராசூட் படைப்பிரிவில் இருந்தவர் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து துப்பாக்கிபோல் படபடக்கும். அப்புறம் சோலோ தொடங்கும்போது ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிப்பார். யாரோ தூரத்திலிருந்து அலறுவது போலவே இருக்கும். யூனி-வைப், வா-வா, ஆக்டேவியா என்று காலடியில் வரிசையாக, கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்கள். ஆனால் ஒரு இடத்திலும் வித்தை காட்டுவதாகத் தோன்றாது.

மைல்ஸ் எழுதிப் பாடிய இரண்டு பாடல்கள் கொஞ்சம் இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

[திரையில்: மேடிசன் ஸ்கொயர் கார்டன்]

அதன் பிறகு நான்கு வாரம்கூட ஆகவில்லை. ஜனவரி 28 அன்று வியட்நாம் போருக்கு எதிரான நிதி திரட்டும் நிகழ்ச்சி. இரண்டு பாடலோடு ஹெண்ட்ரிக்ஸ் மேடையை விட்டுப் போய்விட்டார். போதைப்பொருளா, வேறு காரணமா என்று ஆளுக்கொரு கதை. மேலாளர் மைக்கேல் ஜெஃப்ரி மைல்ஸை வேலையை விட்டு நீக்க, குழு அத்தோடு முடிந்தது.

ஆல்பம் மார்ச் மாதம் வந்தபோது குழுவே இல்லை. அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. கடனுக்காகக் கொடுத்த அந்த ஆல்பம் ஹெண்ட்ரிக்ஸுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது வெளியான கடைசி முழு ஆல்பமும் அதுதான். செப்டம்பர் 18 அன்று இறந்துபோனார்.

அந்த ஆல்பத்தின் ஆறு பாடல்களும் ஜனவரி 1ஆம் தேதிக் கச்சேரிகளிலிருந்து எடுத்தவை. நான்கு கச்சேரிகளையும் சேர்த்த பெரிய தொகுப்பு 2019ல் வந்தது. அதில் நான்கு 'மெஷின் கன்' இருக்கின்றன. புதிதாகக் கேட்பவர்கள் ஜனவரி 1, முதல் கச்சேரியில் வாசித்ததிலிருந்து தொடங்குங்கள். ஆல்பத்தில் இருப்பது அதுதான்.