பிசினஸ் லஞ்சுக்குப் பக்கத்து ஹோட்டல்: சாப்பாட்டுக்கு முன்னாடி சத்தத்தைப் பாருங்க

[காட்சி: நிரம்பிய ஹோட்டல். இரண்டு பேர் மேசை மேல் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.]

வணக்கம். கிளையன்ட் ஒருத்தரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கீங்க. பக்கத்துலயே நாலஞ்சு ஹோட்டல் இருக்கு. எங்க சாப்பாடு நல்லா இருக்கும்னுதான் முதல்ல யோசிப்போம். நான் முதல்ல கேட்கச் சொல்ற கேள்வி வேற. அங்க உட்கார்ந்து, குரலை உயர்த்தாம ஒரு மணி நேரம் பேச முடியுமா? சாப்பாடு சுமாரா இருந்தாக்கூடப் பேச்சு நடந்துடும். ஆனா பேசுறது காதுல விழலைன்னா வந்த வேலை நடக்காது.

சாதாரணமா நாம பேசுற குரல், ஒரு மீட்டர் தூரத்துல கிட்டத்தட்ட 60 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு). சுத்தியிருக்கிற இரைச்சல் 70-ஐத் தாண்டினா, நம்மை அறியாமலே குரலை உயர்த்திடுவோம். அதனால பக்கத்து மேசையில இருக்கிறவங்களும் உயர்த்துவாங்க. அவங்களால அடுத்த மேசை. இந்தப் பழக்கத்தைக் கவனிச்சு 1911-ல எழுதினவர் எதியென் லொம்பார்ங்கிற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர். இன்னிக்கும் இதுக்கு லொம்பார் விளைவுன்னுதான் பேர்.

அதனால காலை பதினோரு மணிக்குப் போய் எட்டிப் பார்த்துட்டு, "ரொம்ப அமைதியான இடம்"னு முடிவு பண்ணிடாதீங்க. பாதி மேசை காலியா இருக்கும்போது எந்த இடமும் அமைதிதான். சந்திப்பு வியாழக்கிழமை ஒரு மணிக்குன்னா, முந்தின வாரம் வியாழக்கிழமை ஒரு மணிக்கே போய்ச் சாப்பிட்டுப் பாருங்க.

[காட்சி: கேமரா கூரையிலிருந்து தரைக்கு மெதுவாக இறங்குகிறது. கண்ணாடிச் சுவர், பளபளக்கும் டைல்ஸ்.]

உள்ள நுழைஞ்சதும் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்க. வெறும் கான்கிரீட்டா? சுவர் முழுக்கக் கண்ணாடியா? கீழே டைல்ஸா? அப்படின்னா தட்டு வைக்கிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்துட்டே இருக்கும். 1895 வாக்குல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல இதே பிரச்சினை இருந்துச்சு. புதுசாக் கட்டின ஒரு விரிவுரைக் கூடத்துல ஒரு சொல்லோட முழக்கம் அஞ்சு விநாடிக்கு மேல அடங்காது, பாடமே புரியாது. வாலஸ் சபின்ங்கிற இளம் பேராசிரியர் வேற ஒரு அரங்கத்துல இருந்து இருக்கை மெத்தைகளை எடுத்துட்டு வந்து போட்டு, முழக்கம் எவ்வளவு குறையுதுன்னு அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைஞ்சுது. நாம பார்க்க வேண்டியதும் அதேதான்: மெத்தை வச்ச இருக்கை, கனமான திரைச்சீலை, கம்பளம், கூரையில ஒலியை உறிஞ்சுற பலகை.

மேசை அளவையும் பாருங்க. பேசுற தூரம் இரட்டிப்பானா குரல் 6 டெசிபல் வரைக்கும் குறையும். நாலு பேருக்கு எட்டு பேர் மேசை கொடுத்தா கௌரவமாத் தெரியும். ஆனா எதிர்ல இருக்கிறவர் ஒவ்வொரு தடவையும் "என்ன சொன்னீங்க?"ன்னு கேட்பார். சின்ன மேசையே மேல்.

[காட்சி: சமையலறை ஜன்னல். ஆர்டர் சீட்டுகள் வரிசையாக மாட்டப்படுகின்றன.]

அடுத்தது நேரம். சின்ன ஹோட்டல்ல அடுப்படியில ரெண்டு மூணு பேர்தான் நிப்பாங்க. ஒரு மணிக்குப் பத்து மேசை ஒண்ணா ஆர்டர் கொடுத்தா, பத்தாவது மேசை காத்திருக்கத்தான் வேணும். அது சர்வரோட தப்பு இல்லை. நீங்க அரை மணி முன்னாடி, பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துட்டா உங்க சீட்டு முதல்ல மாட்டப்படும். சொல்லப்போனா, ஹோட்டலை மாத்துறதைவிட நேரத்தை மாத்துறதுதான் பல சமயம் நல்ல தீர்வு.

எந்தப் பக்கத்து ஹோட்டல்? விருந்தாளிக்குப் பக்கத்துல இருக்கிறதுன்னு நான் சொல்வேன். உங்க ஆபீஸ் வாசல்ல இருக்கிற இடத்துல உங்க ஆட்களே பாதிப் பேர் சாப்பிட்டுட்டு இருப்பாங்க. விலை, சம்பளம், ஒப்பந்தம்னு அங்க மனசு விட்டுப் பேச முடியாது.

மேசை புக் பண்ணும்போது எந்த மேசைன்னு சொல்லிக் கேளுங்க. சமையலறைக் கதவு, கழிவறை வழி, கல்லாப்பெட்டி, ஸ்பீக்கர் இந்த நாலுக்கும் தள்ளி, சுவர் ஓரமா. சுவர்ல முதுகு சாய்ச்சு உட்கார்ற இடம் விருந்தாளிக்கு. நீங்க சுவரைப் பார்த்து உட்காருங்க. கூடத்துல யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு உங்க கண்ணு அலையாது, கவனம் முழுக்க அவர் மேல இருக்கும். ஜன்னல் வெயில் அவர் முகத்துல அடிக்காம இருக்கணும், அதையும் பார்த்துக்கோங்க.

சாப்பாட்டைப் பத்தி அவர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுடுங்க: "நீங்க சாப்பிடாதது ஏதாவது இருக்கா? எதுவும் ஒத்துக்காதா?" அலர்ஜி இருக்குன்னு சொன்னா, ஹோட்டலுக்குப் போன்ல சொல்லி, சமையல்காரர்கிட்டயே கேட்டு உறுதிப்படுத்துங்க. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"ங்கிற பதில் போதாது. தெளிவாப் பதில் சொல்லாத ஹோட்டலை அப்பவே விட்டுடுங்க.

[காட்சி: கல்லாவில் ஒருவர் கார்டைக் கொடுக்கிறார். மேசை இன்னும் காலியாக இருக்கிறது.]

ரொம்ப விலையுள்ள இடம் வேண்டாம். நிறைய நிறுவனங்கள்ல வெளியாள் செலவுல சாப்பிடுறதுக்கு ஒரு வரம்பு உண்டு, அரசு அதிகாரிகளுக்கு விதி இன்னும் கடுமை. அவரை அந்தச் சங்கடத்துல மாட்டி விடக் கூடாது. பத்து நிமிஷம் முன்னாடியே போய், பில்லை உங்ககிட்டயே கொடுக்கணும்னு கல்லாவுல சொல்லி வச்சுடுங்க. "நான் கொடுக்கிறேன், நீங்க விடுங்க"ங்கிற இழுபறியே வராது.

முந்தின நாள் ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டு, அன்னிக்கு விடுமுறை இல்லைன்னும், பெரிய கூட்டம் எதுவும் புக் ஆகலைன்னும் கேட்டுக்கோங்க. அப்புறம் விருந்தாளிக்கு ஒரு மெசேஜ்: ஹோட்டல் பேர், மேப் லிங்க், வண்டி நிறுத்துற இடம், எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கா இல்லையா, யார் பேர்ல மேசை புக் ஆகியிருக்கு.