கூட்டாளிக்குத் துணையாப் போனவன் 12 வருஷமா வீட்டுக்கு வரல!

(திரையில்: மூடின கதவு)

பொலிஸ் தேடின லிஸ்ட்ல அவன் பேரே இல்ல. கூட்டாளியைக் கூப்பிட்டாங்க, துணைக்குப் போனான். வயசு 16. வெளியில வர 12 வருஷத்துக்கு மேல ஆச்சு.

வணக்கம் மக்களே! இன்னைக்கு 'வென் தே சீ அஸ்'. ஏவா டுவெர்னே இயக்கி 2019இல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த தொடர். நிஜமா நடந்தது. 1989 ஏப்ரல், நியூயோர்க் சென்ட்ரல் பார்க்ல ஓடப் போன வெள்ளைக்காரப் பெண்ணைக் கொடூரமாத் தாக்கிட்டாங்க. மாட்டினது 5 பையன்கள். நாலு பேர் கறுப்பினம், ஒருத்தன் லத்தீன் அமெரிக்க வம்சம். டிஎன்ஏ ஒருத்தனோடயும் பொருந்தல. ஆனாலும் பொலிஸ்கிட்ட கொடுத்த ஒப்புதலை வச்சு 1990இல குற்றவாளிகள்!

வழக்குக்கு முன்னமே பேப்பர்ல "ஓநாய்க் கூட்டம்"னு எழுதியாச்சு. மலையகத் தமிழர் நம்மளக் கேவலமா "தோட்டக்காட்டான்"ங்கிற மாதிரிதான். பேரை வச்சுட்டா பாதி விசாரணை முடிஞ்சுது. மரண தண்டனையைக் கொண்டு வாங்கன்னு முழுப்பக்க விளம்பரம் போட்டார் ஒரு கட்டட முதலாளி. பேர் டொனால்ட் ட்ரம்ப். ஆமா, அவரேதான்.

இப்ப என்னைத் தூங்க விடாத சீன். ஸ்கிப் பண்ணிராதீங்க! அஞ்சு பேர்ல ஒருத்தன் அன்ட்ரன் மெக்ரே. அவனோட அப்பா முதல்ல மகன் பக்கம்தான். பொலிஸ் அவரைத் தனியாக் கூப்பிட்டு, வேலை போயிரும்னு மிரட்டுது. திரும்பி வந்தவர், அவங்க கேக்குறதச் சொல்லிட்டு வீட்டுக்குப் போற வழியப் பாருன்னு மகன்கிட்டயே கத்துறார்.

எங்க லயக் காம்பராவுல, அதான் தோட்டத்துல வேலை செய்றவங்களுக்குக் கொடுக்கிற வரிசை வீட்டுல, ஃபோனைச் சுவர்ல சாத்தி வச்சு அம்மாவும் நானும் பார்த்தோம். அந்த மனுஷனை அம்மா திட்டும்னு நெனச்சேன். "பாவம், வேலை போனா லயமும் போயிரும்ல"ன்னுச்சு. நியூயோர்க்ல ஏது லயம்! ஆனா நான் நாலு ரிவியூ வாசிச்சும் புரியாதது அம்மாவுக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருச்சு. வேலையும் கூரையும் ஒரே தோட்டத் துரை கையில இருந்த வாழ்க்கைதானே அம்மாவோடது.

நம்ம இலங்கையில பொலிஸ்கிட்ட கொடுத்த குற்ற ஒப்புதல் பொதுவா கோர்ட்ல செல்லாது. 1979இல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துல இருக்கிறவர்கிட்ட கொடுத்தா செல்லும்னு ஆக்கிச்சு. வாசிக்கத் தெரியாத சிங்களத்துக்குக் கீழ கையெழுத்து வச்ச தமிழ்ப் பையன்கள் எத்தனை பேர்! உங்க ஊர்க் கதை இருந்தா கமெண்ட்ல போடுங்க, பேர் வேணாம்.

2002இல உண்மைக் குற்றவாளி ஒப்புக்கிட்டான், டிஎன்ஏ பொருந்திச்சு, தீர்ப்பு ரத்து. 2014இல நட்டஈடு 41 மில்லியன் டொலர்.

துணைக்குப் போனானே, அவன் பேர் கோரி வைஸ். மத்த நாலு பேருக்கும் சின்ன வயசுக்கு ஒரு நடிகர், பெரிய வயசுக்கு வேற ஒருத்தர். கோரிக்கு மட்டும் ஜரெல் ஜெரோம் ஒருத்தரே. எமி விருதும் வாங்கினார். மொத்தம் 4 எபிசோட். கடைசி முழுக்க கோரிதான். அதுக்கு முன்னமே தேத்தண்ணி ஊத்தி வச்சுக்குங்க, நடுவுல எழும்ப மனசு வராது.