கனத்தை மயான வேலியில் கட்டிய வெள்ளைத் துணி: கிருஷ்ணகிரியில் பேசியது

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் கட்டாயமாக எரித்த இலங்கைக் கதையைக் கிருஷ்ணகிரியில் எதுக்குங்க பேசணும் என்று உள்ளே வரும்போதே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

2020 ஏப்ரலைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். மே மாதத் தொடக்கம் வரைக்கும் தமிழ்நாட்டிலேயே கொரோனா இல்லாத பச்சை மண்டலம் என்று இருந்தது நம்ம மாவட்டம் மட்டும்தான், அதில் நமக்குக் கொஞ்சம் பெருமைகூட. அதே ஏப்ரல் 11ஆம் தேதி இலங்கை அரசாங்கம் அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கொரோனாவில் யார் இறந்தாலும் எரித்துத்தான் ஆக வேண்டும், புதைக்கக் கூடாது. சட்டம் வருவதற்கு முன்பே, மார்ச் கடைசியில், நீர்கொழும்பில் இறந்த ஒரு முஸ்லிமின் உடலை எரித்துவிட்டார்கள். புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமோ புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரிதான் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது.

இங்கே மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். இல்லைதான். அதே மாதம் சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யப் போனவர்களை ஒரு கும்பல் அடித்து விரட்டியது, வேறிடத்தில் புதைத்த அவரைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோக அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரை போய் 2021இல்தான் அனுமதி வாங்கினார். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே தடுத்தது கும்பல், அப்படித் தடுப்பவர்களைத் தண்டிக்க அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே தடுத்ததே அரசாங்கம்.

இதை மதப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன். 2020 டிசம்பரில் கொழும்பில் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தை இறந்துபோனது. எரிக்கச் சம்மதம் கேட்டார்கள், பெற்றோர் கையெழுத்துப் போடவில்லை. அப்படியும் எரித்தார்கள். கையெழுத்தே தேவையில்லை என்றால் அந்தத் தாளை எதற்கு நீட்டினார்கள்? பெற்ற பிள்ளையின் உடலுக்கு என்ன செய்வது என்பதில் தாய் தகப்பனுக்குப் பேச்சே கிடையாதா? இது குடியுரிமைக் கேள்வி. எந்த மதத்துக்காரருக்கும், மதமே வேண்டாம் என்பவருக்கும் உள்ள கேள்வி.

குடும்பங்கள் நீதிமன்றம் போய்ப் பார்த்தாகிவிட்டது. அந்தக் குழந்தை இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 1ஆம் தேதி, இலங்கை உச்ச நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டது, காரணமும் சொல்லவில்லை. சரி, அடுத்து என்ன? கொரோனாக் கட்டுப்பாடு, கூட்டம் கூட முடியாது. மக்கள் கொழும்பு பொரளையில், கனத்தை மயானத்தின் வேலியில், போய் வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு வந்தார்கள். இறந்த முஸ்லிமின் உடலைச் சுற்றும் கஃபன் துணி அது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை, சிங்களவர்கள், தமிழர்கள், பாதிரியார்கள் எல்லோரும் கட்டினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அதிகாரிகள் அதை அவிழ்த்துவிட்டார்கள், அப்புறம் மக்கள் அவரவர் வீட்டு கேட்டில் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு துணித்துண்டுக்கு அவ்வளவு பயம்!

2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமே புதைக்கலாம் என்றது. அரசு அசையவில்லை. பிப்ரவரி 3ஆம் தேதி கிழக்கே பொத்துவிலில் தொடங்கி 7ஆம் தேதி வடக்கே பொலிகண்டி வரை ஒரு பேரணி போனது. காணாமல் ஆக்கப்பட்டவர்கள், காணிப் பறிப்பு, மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபாய்க் கூலி, இவற்றோடு இந்தக் கட்டாய எரிப்பும் கோரிக்கையில் இருந்தது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் துரத்தியதை யாரும் மறந்துவிடவில்லை, அந்தக் காயத்தோடுதான் தமிழர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். இந்த மாவட்டத்து முகாம்களிலேயே ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள், அந்தப் பேரணி என்ன மாதிரி விஷயம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

பேரணியால் மட்டும் ஜெயித்தது என்று நான் அளக்க மாட்டேன். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது, அங்கே இலங்கை அரசுக்கு முஸ்லிம் நாடுகளின் ஓட்டு வேண்டியிருந்தது, பிப்ரவரி கடைசியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து போனார், அவர் கிளம்பின மறுநாள் 25ஆம் தேதி அனுமதி வந்தது. ஆனால் பத்து மாதம் விடாமல் கத்தாமல் இருந்திருந்தால் வெளிநாட்டில் யார் காதில் விழுந்திருக்கும்?

அனுமதியிலும் ஒரு சூது. புதைக்க வடக்கே இருக்கும் இரணைதீவைக் காட்டினார்கள். கடற்படையிடமிருந்து போராடி 2018இல்தான் தமிழ் மீனவர்கள் திரும்பிப் பெற்ற தீவு அது. தமிழனுக்கும் முஸ்லிமுக்கும் முட்டிவிடும் வேலை என்றுதான் நான் பார்க்கிறேன். தீவு மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கி மார்ச் 5ஆம் தேதி அடக்கம் தொடங்கியது. நாட்டில் எங்கே இறந்தாலும் அங்கேதான் கொண்டுபோக வேண்டும், சொந்த ஊர்க் கபர்ஸ்தானில் இடமில்லை. ஓசூரில் இறந்தவரை ராமநாதபுரத்தில் புதை என்பது மாதிரி. 2022 மார்ச் வரை அதுதான் நடைமுறை.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிப்பதா புதைப்பதா என்பதை அவரவர் முடிவுக்கு விடும் சட்டம் கொண்டுவருவதாகவும் சொன்னது. நல்லது. ஆனால் எந்த ஆய்வைப் பார்த்து எரிக்கச் சொன்னார்கள், சொன்னவர்கள் யார் என்று அந்தக் குடும்பங்கள் கேட்ட கேள்வி, மன்னிப்புக்கு அப்புறமும் அப்படியேதான் இருக்கிறது. நேரமாகிவிட்டது, கேட்க வேண்டியது இருந்தால் கேளுங்கள்.